ஒற்றைக் கையால் திறக்கும் கத்தி

“கண்ண மூடினு, ஒரே கையால திறக்கணும் அண்ணி. அப்படி ஒரு மடக்குக் கத்தி காட்டு.”

சகாதேவன் இப்படிக் கேட்டதும் குணசுந்தரி எண்ணிக்கொண்டிருந்த மிதவைகளை அப்படியே விட்டாள். பழவேற்காடு பஜாரில் வலை, கயிறு, மிதவை விற்கிற கடை அவளுடையது. கத்தி கேட்டு தினம் நாலு பேர் வருவார்கள்தான். ஆனால் இவன் வரலாமா?

போன மாதம் லைட்ஹவுஸ் குப்பத்து ஊர்க்கூட்டத்தில், வலையை யார் கிழித்தது என்று தகராறு. அவள் புருஷன் தனசேகர் தன் பழக்கப்படி பீச்சாங்கையால் விட்ட அறையில் இந்த சகாதேவன் மணலில் போய் விழுந்தான். ஊரே பார்த்தது.

அதற்குப் பெரியவர்கள் என்ன தீர்ப்புச் சொன்னார்கள் தெரியுமா? அடித்தவனும் வாங்கியவனும் இரண்டு மாதம் ஒரே படகில் தொழிலுக்குப் போக வேண்டுமாம், பகை தீர்ந்துவிடுமாம். நல்ல தீர்ப்பு, போங்கள்! நடுக்கடலில் இரண்டே பேர், ஏன் என்று கேட்க நாதியில்லை.

“இன்னாத்துக்குக் கத்தி?” குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு மூன்றை எடுத்துப் போட்டாள்.

“தினமும் இடுப்புல இருக்கணும் அண்ணி. கனத்துச்சுன்னா கழட்டி வெக்கத் தோணும், பாரு. அப்பறம் வேணும்போது இருக்காது.”

முதல் கத்தியைத் தூக்கிப் பார்த்து, கனம் என்று தள்ளினான். இரண்டாவதை லுங்கி மடிப்பில் செருகி உட்கார்ந்து எழுந்தான். குத்துகிறதாம். மூன்றாவது கறுப்புப் பிடி போட்டது. வாசலில் இருந்த வாளியில் கையை முக்கி, ஈரத்தோடு அதைப் பிடித்தான். கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் ஒரு தள்ளு தள்ள, சடக்கென்று திறந்தது.

“வழுக்கல,” என்றான் தனக்குத்தானே.

ரத்தம் பட்டாலும் வழுக்காதா என்று பார்க்கிறான் பாவி! அதிலும் எல்லாவற்றையும் இடது கையாலேயே செய்து பார்க்கிறான், சோத்துக்கை சும்மா தொங்குகிறது. யாரும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து குத்தத்தான் இந்த ஒத்திகை என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

“கயிறு கோக்க ஓட்ட கீதா? கை நழுவினாலும் தொலையக் கூடாது.”

“கீது,” என்றாள்.

“இதையே குடு.” கிளம்பத் தயாரானவன் குனிந்து மெல்லச் சொன்னான். “நான் கத்தி வாங்கினத அண்ணன்கிட்ட சொல்லிடாத. நானே காட்டிக்கறேன்.”

காட்டுவாயடா, காட்டுவாய்! புருஷனிடம் சொல்லித்தான் என்ன பயன்? ஊர் சொன்னதை மீற மாட்டேன், நீ வாயை மூடு என்பார். ஏற்கெனவே இரண்டு முறை அதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.

குணசுந்தரிக்கு அப்போதுதான் கீழ் டிராயர் ஞாபகம் வந்தது. இதே கறுப்புப் பிடிக் கத்தி ஒன்றை, போன வாரம் பசியாவரம் குப்பத்துக்காரர் ஒருவர் திட்டிக்கொண்டே திருப்பித் தந்திருந்தார். பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும், திறக்கவும் திறக்கும். அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தால் போதும், பிளேடு பிடியை விட்டுக் கழன்று விழும்.

“இரு, டப்பாவுல போட்டுத் தரேன்,” என்று குனிந்தாள். நிமிர்ந்தபோது டப்பாவுக்குள் இருந்தது அந்தக் கத்திதான்.

அவன் வாங்கிக்கொண்டு போய்விட்டான். இனி குத்தட்டுமே பார்க்கலாம், வெறும் பிடியை வைத்துக்கொண்டு என்ன செய்வானாம்? தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. காலைப் பலகாரம் கூடத் தெம்பாக இறங்கியது.

அன்று மதியம் மூன்று மணிக்கு, தோளில் மகளைச் சாய்த்துக்கொண்டு சகாதேவன் கடையைத் தாண்டி நடந்தான். அவள் திடுக்கிட்டு எழுந்தாள்.

“இன்னா சகாதேவா, நீ கடலுக்குப் போவல?”

“கிளம்பற நேரத்துல பாப்பாவுக்கு ஜுரம் ஏறிச்சு அண்ணி. பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போய் இப்பதான் வரேன். அண்ணன் தனியா பூட்டாரு. சொன்னா கேட்டாத்தானே?”

அப்பாடா! குணசுந்தரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவன் கரையில், அவர் கடலில். இதைவிட என்ன வேண்டும்? குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் திணித்தாள்.

அந்தக் கரிசனம் சகாதேவனை என்னவோ செய்தது. தலையைச் சொறிந்தான்.

“அண்ணி, உன்கிட்ட மறைக்க மனசு கேக்கல. முந்தாநேத்து வலை வுடும்போது கயிறு அண்ணன் கால்ல சுத்தி கடல்ல இழுத்துனு பூட்ச்சு. அறுக்க ஒண்ணுமில்ல, உள்ளயே தவிச்சாரு. நான் குதிச்சு அவுத்து வுட்டேன். உன்கிட்ட சொன்னா நீ கடலுக்கே வுடமாட்டியாம், சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு.”

குணசுந்தரியின் கை மேஜை விளிம்பை இறுகப் பிடித்தது.

அவள் முகத்தைப் பார்த்து அவன் பதறிப்போனான்.

“ஐய, இன்னாத்துக்கு இப்படிப் பயப்படற? நீ குடுத்த கத்தி அண்ணன்கிட்டதானே கீது!”