ஆடிட்டரின் வரிக்கணக்கு

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் ஒடீலியா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அடடே, இல்தா மேடமா? வழி தெரியாம வந்துட்டியா, இல்ல என் ஆபீசையே விலை பேச வந்தியா?"

சதுக்கத்துக்கு இந்தப் பக்கம் அவள் ஆடிட்டர், அந்தப் பக்கம் நான். ஒன்றாகப் படித்தவர்கள். அதன்பிறகு ஒருத்தியின் வாடிக்கையாளரை இன்னொருத்தி இழுப்பதே எங்கள் பிழைப்பு.

நாற்காலியை இழுத்துப்போட்டேன். உட்கார்ந்தேன்.

"போன வருஷத்து வருமான வரி. இன்னும் தாக்கல் பண்ணல."

"யாரோடது?"

"என்னோடது."

கெடு ஜூனோடு முடிந்துவிட்டது; அப்போது நான் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்துகொண்டிருந்தேன். இப்போது நவம்பர், வெளியே கஷ்கொட்டை சுட்டு விற்க ஆரம்பித்துவிட்டார்கள். ரொட்டிக்கடைக்காரரிலிருந்து பாதிரியார்வரை இந்த ஊரில் பாதிப் பேருக்கு நாள் தவறாமல் கணக்குப் போட்டுக் கொடுப்பவள் நான். என் கணக்கே கிடப்பில் கிடக்கிறது என்று தெரிந்தால் யார் என்னிடம் வருவார்கள்? அபராதத்தைக் கட்டிவிடலாம். போன பெயர் திரும்பாது.

நானே போட்டிருக்கலாம், அரைமணி வேலை. செப்டம்பரிலிருந்து எத்தனையோ தடவை உட்கார்ந்துவிட்டேன். முதல் பக்கத்தில் அந்த ஒரு கேள்வி வந்ததும் கை ஓடாது. கம்ப்யூட்டரை மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வேன்.

"ஊருக்குத்தான் உபதேசமாடி?" என்று வாய்விட்டுச் சிரித்தாள் ஒடீலியா.

அந்தச் சிரிப்பு எனக்கு இதமாக இருந்தது. இப்போதெல்லாம் இந்த ஊரில் யாரும் என்னிடம் சத்தமாகப் பேசுவதில்லை. கறிக்கடைக்காரன்கூட மிச்சச் சில்லறை தரும்போது குரலைத் தாழ்த்துகிறான். லிஸ்பனிலிருந்து மகன் போன் செய்தால் அவனும் அப்படித்தான். இவளுக்கு அப்படிக் குரலைத் தாழ்த்தத் தெரியாது என்றுதான் இவளிடம் வந்தேன்.

பெயரை அடித்தாள். வரி எண்ணைக் கேட்டு அடித்தாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

திரையில் 'திருமண நிலை' என்று இருந்தது.

"நீயே போட்டுடு," என்றேன். "அந்த வார்த்தைய என் கையால அடிக்க முடியல. சொல்லவும் வாய் வரல."

அவள் போடவில்லை. திரையை என் பக்கம் திருப்பினாள்.

"இல்தா, இது எந்த வருஷத்துக் கணக்கு?"

"போன வருஷம்னு சொன்னேனே."

"போன டிசம்பர் முப்பத்தொண்ணாம் தேதி நீ என்னவா இருந்தியோ, அதத்தானடி கேக்குறான்?"

எத்தனை பேரை நானே இப்படி அதட்டியிருப்பேன்! இன்றைய கதை வேண்டாம், வருடத்தின் கடைசி நாளில் இருந்ததைச் சொல்லுங்கள் என்று. எனக்கு மட்டும் அது உறைக்கவே இல்லை.

அந்தக் கடைசி நாளில், புது வருடம் பிறக்கும்போது, என் வீட்டுக்காரர் பெல்மீரோ வழக்கம்போல் நாற்காலிமேல் ஏறி நின்று, நள்ளிரவு மணியின் ஒவ்வோர் அடிக்கும் ஒன்றாகத் தின்ன வேண்டிய பன்னிரண்டு உலர்திராட்சையையும் ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டார். புரையேறிவிட்டது. கிறுக்கு மனுஷன், இரும முடியாமல் இருமிக்கொண்டே என் தோளைப் பிடித்து இறங்கினார்.

இந்த வருடம் ஆகஸ்டில் அவரை அடக்கம் செய்தோம்.

ஒடீலியா மவுசை என் கைப்பக்கம் தள்ளினாள். 'திருமணமானவர்' என்ற கட்டத்தை நானே அமுக்கினேன். கண்ணீர் மறைத்தது, ஆனாலும் சரியான கட்டம்தான்.

"அடுத்தது," என்றாள். அவள் குரலும் தாழ்ந்துதான் போயிருந்தது. "ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கணக்கா, தனித்தனியா?"

"சேர்த்துத்தான்," என்றேன்.