ஏழு கம்பி வயர்

“தனி போர்டு, தனி சுவிட்சு, எல்லாம் ஷெட்டுக்குள்ளயே இருக்கணும். எங்க அம்மா காதுக்கு மட்டும் போகக் கூடாது, என்ன?”

சாமித்துரை கிசுகிசுத்தது வாசலில் நின்ற வயர்மேன் செய்யது அலியிடம். ஆனால் அடுப்படி ஜன்னலுக்குப் பின்னால் நின்ற சுடலையம்மாளுக்கு அது ஒலிபெருக்கி வைத்த மாதிரிக் கேட்டது. வயசு அறுபதைத் தாண்டியும் அவள் காது மட்டும் குமரியாகவே இருந்தது.

காலிக் கார் ஷெட்டுக்கு எதற்குத் தனி போர்டு? மகனுடைய வாடகை பிளஷர் கார் போன மாசத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம்தான் நிற்கிறது. நேற்று ஷெட்டுக்கு வெள்ளையடித்தார்கள். இன்று காலையில் மருமகள் சொர்ணத்தாய் ஒரு கட்டிலை இழுத்துக்கொண்டு போய் உள்ளே போட்டாள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த சுடலையம்மாளுக்குச் சந்தேகம் தட்டியது.

மணியாச்சி ஜங்ஷனுக்கு ஒரு சவாரி இருக்கிறது என்று மகன் கிளம்பினான். அவன் தலை மறைந்ததுதான் தாமதம், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்துவிட்டாள்.

“ஏ தம்பி, இங்கன என்னலாம் வைக்கப் போறீய?”

“ஒரு பல்பு, பெரியம்மா.” செய்யது அலி ஏணியை விட்டு இறங்கவில்லை.

“பல்பு மட்டுந்தானா?”

“ஒரு... பவர் பிளக்கும் உண்டு.”

“அது எதுக்கு?”

“கரண்ட் அடுப்புக்கு. பெட்ரோல் வாடை ஊறின எடம் பாருங்க, வெறகு வச்சு எரிக்க முடியாதுல்லா?”

அடுப்பு! தனி அடுப்பு என்றால் தனிக்குடித்தனம், இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு எந்த வயர்மேனும் வேண்டாம். புருஷன் போன பிறகு கரிசக்காட்டில் பருத்தி எடுத்து, கை எரிய மிளகாய்க் காம்பு கிள்ளி வளர்த்த ஒற்றைப் பிள்ளை. ஒரே வளவுக்குள் அவளை விட்டுவிட்டு வேறே உலை வைக்கப் போகிறான். எல்லாம் அந்தச் சொர்ணத்தாய் ஓதின மந்திரம்தான்.

ஆத்திரத்தில் சுவரை ஒரு சுற்றுப் பார்த்தாள். சுவிட்சுக்குப் போட்டிருந்த அடையாளம் அவளுடைய குட்டை உருவத்துக்கே தோள் மட்டத்தில்தான் இருந்தது. “இதென்ன, சுவிட்ச இவ்வளவு கீழயா வைப்பாவ?”

“அண்ணாச்சிதான் அப்படி வைக்கச் சொன்னாவ.”

“வையி, நல்லா வையி. எம்மருமக பனைமரமாட்டம் வளந்திருக்கால்ல, தெனமும் குனிஞ்சு போடட்டும்.” அதை நினைக்க அவளுக்குக் கொஞ்சம் குளுகுளுவென்றுகூட இருந்தது.

செய்யது அலி சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரையே தட்டிக்கொண்டிருந்தான். அது அவள் சந்தேகத்தை இன்னும் கிளப்பிவிட்டது.

“மூஞ்சிய ஏன் அந்தப் பக்கம் திருப்புத? இன்னும் என்னத்தையோ ஒளிக்குத நீ.”

அவன் மெல்ல இறங்கி வந்தான். கையிலிருந்த வயரின் நுனியைச் சீவி அவளிடம் நீட்டினான்.

“இதப் பாருங்க பெரியம்மா, அண்ணாச்சி வாங்கித் தந்த வயரு. உள்ள மூணு கம்பிதான். பல்புக்குப் போதும், அடுப்புக்குத் தாங்காது. வீட்டு போர்டுல இருந்து இங்கன வர எம்பது அடி. வயரு சூடேறி, மேல உள்ள ரப்பரு உருகி, என்னைக்காவது ஒருநாள் பத்திக்கிடும். கூரை வேற ஓலை. ஏழு கம்பி வயருதான் போடணும்னு தலதலையா அடிச்சுக்கிட்டேன். ‘இது போதும், இழுவும்’னுட்டாவ. நீங்க சொன்னாலாவது கேப்பாவளான்னு பாருங்க.”

மூன்று கம்பியையும் அவள் விரலால் பிரித்துப் பார்த்தாள். ‘பத்தட்டும்’ என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வந்த வேகத்தில் அதைக் கடித்து விழுங்கினாள். என்னதான் கோபம் இருந்தாலும், தூங்குகிற பிள்ளை மேல் கூரை எரிந்து விழுவதைப் பெற்றவள் நினைத்துப் பார்ப்பாளா? எதிலும் அவசரம்தான் அவனுக்கு. தான் படுக்கிற இடத்துக்கே இப்படி அசட்டையாக வயர் வாங்கி வந்திருக்கிறானே என்று இருந்தது.

“வேலைய நிறுத்து தம்பி. அவன் வரட்டும்.”

சாயங்காலம் மகன் வரும்வரை ஷெட்டு வாசலை விட்டு அவள் நகரவில்லை. அவன் வந்து நின்றதும் நேராகவே சொல்லிவிட்டாள்.

“ஏலே, எல்லாம் தெரிஞ்சு போச்சு. ஒளிக்க வேண்டாம்.”

சாமித்துரைக்கு முகம் வெளுத்துவிட்டது. வயர்மேனைப் பார்த்து முறைத்தான்.

“அவன ஏன் மொறைக்குத? அடுப்புன்னு சொன்ன பொறவும் எனக்கு வெளங்காதா? நான் சண்டைக்கு வரலய்யா. தனிக்குடித்தனம்னா இருந்துட்டுப் போகட்டும். ஆனா இந்த மூணு கம்பி வயரு வேண்டாம். ஏழு கம்பி வயராப் போடு. உசிரு சம்பந்தப்பட்ட காரியம்லா?”

சொர்ணத்தாய் வீட்டு வாசலிலேயே நின்று கால் விரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தாள். சாமித்துரை அவளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு, “ஏழு கம்பியே போடும் பாய்” என்றான்.

சொன்னதும் கேட்டுக்கொண்டானே என்று சுடலையம்மாளுக்கு மனசு இளகிப் போயிற்று. எவ்வளவு தூரம் போய்விடப் போகிறான், எண்பது அடிதானே. பொங்கி வந்த அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

“என்னைக்குக் குடிபோறீய? நல்ல நாள் பாத்தாச்சா?”

சாமித்துரை தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

“குடிபோறது நாங்க இல்லம்மா... நீதான்.”