பாலில்லாத டீ

சூளகிரி தாண்டிய நெடுஞ்சாலை ஓட்டலில், மழைக்கு இருண்ட பிற்பகல். கண்டெய்னர் லாரிகள் கடக்கும்போதெல்லாம் மேசைத் தம்ளர்களில் தண்ணீர் நடுங்குகிறது. பெங்களூர் மருத்துவமனையில் அப்பாவுக்கு எடுத்த ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டு ஃபெபா அவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். பால், தயிர், நெய் எதுவும் வேண்டாமென்று அவள் விட்டு இரண்டு வருடமாகிறது. சாமல்பட்டியில் நான்கு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றும் அப்பா யேசுராஜ், அன்றிலிருந்து ஒவ்வொரு சாப்பாட்டிலும் அவளோடு சண்டை பிடித்திருக்கிறார். "நம்ம மாட்டுப் பாலு உனக்கு விஷமாப் போச்சா?" என்பார். இன்று சர்வர் வந்ததும், அவள் வாய் திறக்குமுன் அவரே கேட்கிறார். "பாப்பா நெய்யி, வெண்ண எதுவும் சாப்புடாதுங்க. எண்ணெயில ஒரு தோசை ஊத்தித் தர்றீங்களா?" "கல்லு பூரா நெய்யிதானுங்க. இட்லி வேணா இருக்குது." "அதயே ரெண்டு பேருக்கும் குடுங்க. அப்புறம் பாலில்லாத டீ ஒண்ணு." அந்தக் குரலில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. இட்லி வருகிறது. மெலிந்துபோன விரல்களால் ஒரு தட்டை அவள் பக்கம் நகர்த்தி, "சாப்புடும்மா" என்கிறார். ஃபெபா உறையை இறுக்கிப் பிடித்தபடி, "எதுனா திட்டுங்கப்பா" என்கிறாள். "இனிமே எதுக்கும்மா" என்று சொல்லிவிட்டு, யேசுராஜ் தன் தட்டைத் தொடாமல் அவள் முதல் வாய் வைப்பதற்காகக் காத்திருக்கிறார்.