ரெண்டு வாளித் தண்ணீர்

"என் பொண்ணு இங்க படிக்க வந்தாளா, தண்ணி சுமக்க வந்தாளா?"

திருமதி டாட்சி போட்ட சத்தத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் அறை ஜன்னலே அதிர்ந்தது. மகளுக்குக் கொண்டுவந்த மிளகாய்த் தொக்கு பாட்டிலை மேஜையில் ணங்கென்று வைத்தாள்.

"கேப் கோஸ்ட் ஊர்லயே பேர்போன ஸ்கூலாச்சேன்னு சேர்த்தேன். நானும் இங்க படிச்சவதான், ஹாஸ்டல் லீடரா இருந்தவ. எங்க காலத்துல இந்த அக்கிரமம் உண்டா?"

ஓரமாக, இந்த வருஷத்து லீடர் எஃபுவா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சீனியர்கள் குளிக்க, புதுப் பிள்ளைகள்தான் கீழே குழாயடியிலிருந்து தண்ணீர் சுமந்து மேடேற வேண்டும். நேற்று டாட்சியின் மகள் அராபா வாளியோடு விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். அதுக்குத்தான் இவ்வளவு ரகளை.

"பழைய வழக்கம் மேடம். நாங்களும் சுமந்தோம்..." எஃபுவாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வழக்கமாம், பொல்லாத வழக்கம்! மேடம், முதல்ல இவ பேட்ஜைக் கழட்டுங்க. இதை ஆரம்பிச்ச மகராசி மட்டும் என் கையில கிடைக்கட்டும், அவ தலையில வாளியை ஏத்தி, நாலு பேர் பாக்க மேடேற வைக்கிறேன்!"

ஹெட்மிஸ்ட்ரஸ் மிஸ் ஆர்தர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார்.

"எஃபுவா, உங்க ஹாஸ்டல் பாஷையில எல்லாத்துக்கும் ஒரு பேர் உண்டே. கஞ்சிக்கு சிமெண்ட்டு, வார்டனுக்கு சைரன். தண்ணி சுமக்கறதுக்கு என்ன?"

"'ஆக்கன்' மேடம். 'போய் ரெண்டு ஆக்கன் போடு'ம்போம்."

"அதென்ன பேரு?"

"தெரியல மேடம். முதன்முதல்ல சுமக்கச் சொன்ன சீனியரோட பேருன்னு சொல்வாங்க."

திருமதி டாட்சி சட்டென்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சரி விடுங்க மேடம்... சின்னப் பொண்ணு. ஹாஸ்டல்னா அப்படி இப்படித்தான் இருக்கும். பேட்ஜையெல்லாம் போய் கழட்டிக்கிட்டு..."

"அதெப்படி? இன்னையோட இந்த வழக்கத்துக்கு முழுக்கு. ஆனா ஆரம்பிச்சவங்களைக் கேட்காம இந்தப் பொண்ணை மட்டும் தண்டிக்கலாமா? உட்காருங்க." மிஸ் ஆர்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிரித்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க மான்சா ஆக்கன்தானே? உங்களுக்கு முதல் ரெண்டு வாளி சுமந்தவ நான்தான், சீனியர்!"