அடிக்குரலுக்கு ஓர் ஆள்

"பஸ் ஸ்டாண்டுல கூவுற ஆளையா டீச்சர் கோயில்ல பாட வைக்கப் போறீங்க?"

பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ வரிசையில் நிற்கும் ஆரோக்கியசெல்வி இப்படிக் கேட்டதும் பாடகர் குழுவில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள்.

ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்த ஜெசிந்தா சிரிக்கவில்லை. ஈஸ்டருக்கு மூன்று வாரம்தான் இருந்தது. நான்கு குரல்களில் பாடும் அல்லேலூயா. ஆர்கன் முழங்கி நின்றதும் ஆண் அடிக்குரல் ஒன்று தனியாக நான்கு வரி பாட வேண்டும். மற்றவர்கள் பிறகுதான்.

பதினெட்டு வருஷமாக அதைப் பாடியவர் சவுரிராயன். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவர் குரல் கம்மிவிட்டது. "இந்த வருஷம் கீழ உக்காந்து கேளுங்கண்ணே" என்று ஜெசிந்தாதான் சொன்னாள். "சரிம்மா" என்றார்.

வேறு ஆள் தேடி அலுத்துப்போயிருந்தபோதுதான் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அந்தக் குரல் காதில் விழுந்தது. பள்ளிக்கூடம் விட்டுத் திண்டிவனம் திரும்புகிற நேரம்.

"முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, திண்டிவனம்..."

தனியார் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற வல்லரசு. கடைசி 'வனம்' போய் இறங்கிய இடம் ஆர்கனில் அவளுடைய இடது சுண்டுவிரல் தொடுகிற தாழ்ந்த சுரக் கட்டை. ஜெசிந்தாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டாள்.

"எங்க கோயில்ல பாட வர்றீங்களா?"

"நானா? நாங்க மாரியாத்தாவக் கும்புடுறவங்க டீச்சர்."

ஃபாதரிடம் போய் நின்றாள். "அல்லேலூயா பாட ஆதார் கார்டா கேக்கப்போறோம்? வரச் சொல்லுங்க" என்றார் அவர்.

வல்லரசு வந்தார். தினமும் வேலை முடிந்து திண்டிவனம் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து, செல்போனில் பதிந்த ராகத்தைக் காதில் வைத்துக்கொண்டே வந்தார். பத்தாவது நாள் ஒத்திகையில் நான்கு வரியையும் பிசிறில்லாமல் பாடி முடித்தபோது கோயில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆரோக்கியசெல்வியே, "இன்னொரு வாட்டி பாடுங்க தம்பி" என்றாள்.

ஈஸ்டர் காலை. கோயில் வாசல் வரை ஜனம். வல்லரசின் மனைவி அம்சா, மகளோடு முதல் வரிசையிலேயே இடம் பிடித்துவிட்டாள். கையில் செல்போன்.

"ஊரு முழுக்கச் சொல்லிட்டாரு டீச்சர். வீடியோ புடிச்சிக்கினு போகலன்னா எங்கள வுடமாட்டாங்க."



நற்கருணை அப்பம் வழங்கி முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா கட்டைகளில் கை வைத்தாள். ஆர்கன் எழும்பியது, கூரை வரை போனது, இறங்கி நின்றது. இப்போது வல்லரசு.

அவர் வாயைத் திறக்கவில்லை.

ஆர்கன் சுவரைப் பார்த்து இருந்ததால் ஜெசிந்தாவுக்குப் பக்கத்தில் நின்ற வல்லரசு மட்டும்தான் தெரிந்தார். தலையால் சைகை காட்டினாள். அவர் கண் வேறெங்கோ இருந்தது. கடைசி இரண்டு சுரங்களைத் திரும்ப வாசித்தாள்.

அப்போது அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அல்லேலூயா..."

சவுரிராயன். உடைந்த குரல். கரகரத்தது, நடுவில் அறுந்தது, ஆனால் சுருதி விலகவில்லை. ஜெசிந்தா சட்டென்று ஆர்கன் சத்தத்தைக் குறைத்தாள். இரண்டாவது வரியில் கோயிலில் குழந்தைச் சத்தம்கூட இல்லை. மூன்றாவது வரியில் யாரோ விசும்பினார்கள். நான்காவது வரி முடிந்ததும் நான்கு குரல்களும் ஒன்றாகப் பாய்ந்தன. அவற்றுக்கு அடியில் பாறை மாதிரி வந்து நின்றது வல்லரசின் குரல். ஜெசிந்தா ஆர்கனின் சத்தத்தைக் கூட்டுகிற ஸ்டாப் குமிழ்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டாள். ஜனம் தானாக எழுந்து நின்றது. அப்படியொரு அல்லேலூயாவை அந்தக் கோயில் கேட்டதில்லை.

பூசை முடிந்தது. சவுரிராயனைச் சுற்றிப் பெருங்கூட்டம். ஆளாளுக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றாள் ஆரோக்கியசெல்வி. "கூட்டத்தப் பாத்ததும் ஆளு பயந்துட்டாரு. நல்லவேளை, சவுரிராயண்ணன் மானத்தக் காப்பாத்துனாரு."

அம்சா செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டாள். மகள், "அப்பா, நீ எப்பப் பாடுவ?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

ஜெசிந்தாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வல்லரசை வேப்பமரத்துப் பக்கம் கூப்பிட்டாள்.

"பயமா இருந்துச்சா?"

"இல்ல டீச்சர்."

"வரி மறந்துபோச்சா?"

"நாலும் மனப்பாடம்."

"அப்புறம் ஏன் வாயத் தொறக்கல? மூணு வாரம் உங்களுக்காக எத்தனை பேர்கிட்ட சண்ட போட்டிருக்கேன் தெரியுமா? அவர் பாடலன்னா என்ன ஆயிருக்கும்?"

வல்லரசு தலையைச் சொறிந்தார்.

"கோச்சிக்காதீங்க டீச்சர். நான் பாடத்தான் நின்னுக்கினு இருந்தேன். நீங்க வாசிச்சு நிறுத்தினீங்க பாருங்க, அப்போ எதிர்ல, அத்தனை பேரும் உக்காந்துகினு இருக்க, அந்தப் பெரியவரு மட்டும் அவரையறியாம எழுந்து நின்னு மூச்ச இழுத்தாரு. அவரு வாய்கிட்ட வந்துட்டத நான் எப்பிடி டீச்சர் புடுங்கித் தின்றது?"