கொட்டகையில் கட்டில் போடக் கூடாது

"கட்டில் ஒண்ணு. காபி போடுற மின்சார அடுப்பு ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள் டவுன்ஷிப் கட்டட இன்ஸ்பெக்டர் கெண்ட்ரா.

கொட்டகை வாசலில் நின்ற ஆர்லனுக்கு முகம் சிவந்து கிடந்தது. "புகார் எழுதிப் போட்டவன் யாரு? அத மட்டும் சொல்லும்மா. பக்கத்து வீட்டு டுவேன்தானே?"

"நான் இல்லப்பா!" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"பேரைச் சொல்லக் கூடாது சார். நீங்க போட்ட விதிதானே அது?" என்றாள் கெண்ட்ரா.

அவர் போட்டதுதான். வீட்டுமனையில் கொட்டகை எவ்வளவு உயரம் இருக்கலாம், வேலியை விட்டு எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், உள்ளே என்னென்ன செய்யக் கூடாது என்று பன்னிரண்டு வருஷம் டவுன்ஷிப் குழுவில் உட்கார்ந்து எழுதி வைத்தவர் ஆர்லன் ட்வெய்ட். நாலு அங்குலம் கூடிப்போயிற்று என்று டுவேனின் கோழிக்கூண்டைப் பிரிக்க வைத்த புண்ணியவான். அப்பேர்ப்பட்டவர் வீட்டு வாசலில் இன்ஸ்பெக்டர் வண்டி நின்றால் தெரு சும்மா இருக்குமா? எல்லா ஜன்னலிலும் ஆள் இருந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் நின்ற எனக்கும் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

அவர் கொட்டகைக்குக் குடிபோன கதை ஊரறிந்தது. தக்காளி வளர்க்க ஒரு கண்ணாடிக் குடில் வேண்டும் என்று மனைவி மார்லிஸ் ஆசையாகக் கேட்டாள். "ஒரு மனைக்கு வீட்டைத் தவிர ஒரு கட்டடம்தான். நமக்குத்தான் கொட்டகை இருக்கே" என்று பிரிவு எண்ணோடு பதில் சொன்னார் இவர்.

"அப்போ அந்தக் கொட்டகையிலயே போய் இரு" என்றாள் அவள்.

போய்விட்டார். இன்றோடு பத்தொன்பது நாள். நவம்பர் பிறந்து, மினசோட்டாக் குளிர் எலும்பைத் துளைக்க ஆரம்பித்தாயிற்று. ஆனாலும் முதலில் வாய் திறப்பது யார் என்பதில் இரண்டு பேருமே விட்டுக்கொடுப்பதாக இல்லை. நாற்பத்து நாலு வருஷக் குடித்தனம் இப்படிப் பாதியில் நிற்கிறதே என்று தேவாலயத்துப் பெண்கள் கவலைப்பட்டார்கள். எங்கள் ஊரில் கட்டட அனுமதிகூட வாங்கிவிடலாம், ஒரு மன்னிப்பு வாங்க முடியாது. யாரும் யாரிடமும் நேராகப் பேசுவதுமில்லை. மனதில் என்ன இருந்தாலும் டவுன்ஷிப்புக்கு எழுதிப் போட்டுவிடுவோம்.

கெண்ட்ரா முகத்தில் சிரிப்பில்லாமல் சொன்னாள். "சார், ஒரு வழி இருக்கு. அடுப்ப எடுத்துடுங்க. கட்டில மடக்கி வச்சிட்டா பழைய சாமான்னு எழுதிடறேன். நீங்க பாட்டுக்கு இங்கயே இருக்கலாம்."

"அதெப்படி எழுதுவ?" என்று ஆர்லன் எகிறினார். "தலகாணி இருக்கு. பல் தேய்க்கிற பிரஷ் இருக்கு. தூங்குற இடம் இருந்தா அது குடியிருப்பு. பதினாலாம் பிரிவு, மூணாம் உட்பிரிவு. எனக்காகச் சட்டத்த வளைக்காத!"

"அப்படின்னா இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணணும்."

"காலி பண்ணிட்டு நான் எங்க போறது?" இதைச் சமையலறை ஜன்னல் பக்கம் திரும்பி, கொஞ்சம் உரக்கவே கேட்டார்.

பின்கதவு உடனே திறந்தது. மார்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "சட்டம்னா சட்டம். உள்ள வா. உன்னை மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத. டவுன்ஷிப் சொல்லுதேன்னுதான்."

"எனக்கு மட்டும் ஆசையா? நானும் டவுன்ஷிப்புக்காகத்தான் வர்றேன்."

"ஓவன்ல உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் வெந்துக்கிட்டிருக்கு. ஏதோ ஞாபகத்துல ரெண்டு பேருக்குப் பண்ணித் தொலைச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கெண்ட்ராவை வண்டி வரைக்கும் கொண்டுபோய் விட்டார் ஆர்லன். டுவேன் காதில் விழாத தூரம் வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, ஒரு விஷயம். அந்தப் புகார எழுதினது..."

"நீங்கதான். தெரியும் சார்."

ஆர்லனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பேரே போடலியே!"

"பேரு போடல. ஆனா கவர் மூலையில உங்க விலாச ஸ்டிக்கர அழகா ஒட்டி அனுப்பியிருந்தீங்க."

"ஐயோ, அது கைப்பழக்கம்!" அவர் சமையலறை ஜன்னலை ஒரு தடவை பயத்தோடு பார்த்துக்கொண்டார். "உள்ள வரணும்னு தவிச்சுக்கிட்டிருந்தேன் கெண்ட்ரா, வாய்தான் வரல. இது மட்டும் அவளுக்குத் தெரிஞ்சா என் மானம் போயிடும். தயவுபண்ணி அவகிட்ட சொல்லிடாத."

கெண்ட்ரா வண்டியைக் கிளப்பினாள்.

"பயப்படாதீங்க சார். அவங்களும் எழுதினத உங்ககிட்ட சொன்னேனா?"