எழுந்து வந்தவர்கள்

கதவு இன்னும் திறக்கவில்லை.

அவர் வெளிக்கூடத்தில் நின்றார். பக்கத்தில் ஒரு காவலன். காலைவரை அவரும் உள்ளே நாடாளுமன்ற அவையில் ஓர் உறுப்பினர்தான். இப்போது அவரைப் பற்றியே பேச்சு என்பதால் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் மன்னரை எதிர்த்து நின்றவர். இப்போது மன்னரின் மகன் அரியணை ஏறிவிட்டார். எதிர்த்தவர்களுக்கெல்லாம் மன்னிப்பு, சிலரைத் தவிர. அந்தச் சிலரில் இவரும் ஒருவரா என்பதுதான் கேள்வி.

ஆம் என்றால் கழுத்துக்குக் கயிறு. நிலமும் வீடும் பேரிக்காய்த் தோட்டமும் அரசுக்கு. மகள் தெருவுக்கு.

கதவுக்குப் பின்னால் அவைத்தலைவரின் குரல் கேட்டது.

"மன்னிக்கலாம் என்பவர்கள் வெளியே செல்லலாம்."

எழவேண்டியது தன்னைக் காப்பாற்ற நினைப்பவர்கள் என்று அவருக்குப் புரிந்தது.

இங்கே வாக்கெடுப்பு என்றால் கை தூக்குவதில்லை. ஒரு தரப்பு எழுந்து வெளியே போய்த் திரும்ப வேண்டும். மறு தரப்பு உட்கார்ந்தே இருக்கலாம். போனவர் திரும்புவதற்குள் அவருடைய இடத்தில் வேறொருவர் சாய்ந்திருப்பார். உறுப்பினர்களைவிட இருக்கைகள் குறைவு. விடியலில் வந்து பிடித்த இடத்தை யார் விடுவார்கள்?

ஒரு மனிதனின் உயிரைவிடப் பெஞ்சு பெரிதா என்று கேட்கலாம். பெரிதுதான். அவருக்குத் தெரியும். அவையில் தன் தரப்பு உறுப்பினர்களை உட்காரவைத்தே ஜெயித்த வக்கீல் அவர். எந்தத் தரப்பு எழவேண்டும் என்பதை அவைத்தலைவரிடம் முன்கூட்டியே பேசி முடித்துவிடுவார். இன்று அந்த வித்தையை வேறு யாரோ காட்டியிருக்கிறார்கள்.

நன்றாகவே காட்டியிருக்கிறார்கள்.

காவலன் தரையைப் பார்த்தான்.

பிறகு கதவு திறந்தது. ஒரு கைத்தடி தட்டும் சத்தம்.

சர் ஜெர்வாஸ். பக்கத்துப் பண்ணைக்காரர். பிறவியிலேயே மன்னர் கட்சி. ஓடைத் தண்ணீருக்காக இருவரும் கோர்ட்டில் முட்டிக்கொள்ளாத வருடம் கிடையாது. வீங்கிய காலில் துணி சுற்றியிருந்தது.

"உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போச்சு ஓய். அதான் எழுந்தேன். வேற ஒண்ணும் நினைச்சுக்காதீர்."

மரத்துப்போன காலை யாரும் இத்தனை வேதனையோடு ஊன்றமாட்டார்கள்.

பின்னால் இன்னொருவர். அப்புறம் இரண்டு பேர். அப்புறம் கூட்டமாக. தெரிந்த முகங்கள், தெரியாத முகங்கள். ஒருமுறை அவையில் அவர் கேலிசெய்து அழவைத்த இளம் உறுப்பினர்கூட வந்தார். பழைய நண்பர்கள் சிலர் வரவில்லை. பாவம், அவர்களுக்கும் கழுத்து இருக்கிறது. அவருக்கு அவர்கள்மேல் கோபமே வரவில்லை.

எண்ணிப் பார்த்தார். கண் கலங்கியதில் எண்ணிக்கை தவறிவிட்டது.

எல்லோரும் உள்ளே போனார்கள். கதவு மூடியது.

வெகுநேரம்.

மறுபடி திறந்தபோது காவலன் விலகி வழிவிட்டான்.

"போங்கய்யா. பொழைச்சிட்டீங்க."

உள்ளே அவருடைய இடம் காலியாகவே இருந்தது. சாகப்போகிறவன் இடம் என்று யாரும் உட்காரவில்லை போலும். ஜெர்வாஸின் இடத்தில் யாரோ கால் நீட்டியிருந்தார். ஜெர்வாஸ் தூணில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அவர் நேரே போய் ஜெர்வாஸின் கையைப் பிடித்தார். கூட்டிவந்து தன் இடத்தில் உட்காரவைத்தார். தொப்பியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

அவையில் உட்கார்ந்திருப்பவர்கள் தொப்பி அணிந்திருப்பார்கள். கழற்றிவிட்டு நிற்பவர் பேச எழுந்தவர்.

சலசலப்பு அடங்கியது. அவர் பேசினால் ஒரு மணி நேரம் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரோ பெருமூச்சு விட்டார்.

"உறுப்பினர் பேசலாம்," என்றார் அவைத்தலைவர்.

நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தார். எத்தனையோ பேருக்காக வாதாடிய தொண்டை. ஒரு சொல்லும் வரவில்லை. மூடினார். மறுபடி திறந்தார்.

அவை காத்திருந்தது.

ஜெர்வாஸ் முனகினார். வலிக்கிற காலை இரு கைகளாலும் தூக்கி நகர்த்தினார். தானும் நகர்ந்தார்.

பெஞ்சில் இன்னொருவருக்கு இடம் வந்தது.